போட்டியின் பெயரைத் தேடாதீர்கள், பழைய கேள்வித்தாளைத் தேடுங்கள்

ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு 10 வயது. வகுப்பில் கொடுக்கும் கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆசிரியர் சொல்கிறார். கதை எழுதுகிறாள், படம் வரைகிறாள். 'ஒலிம்பியாட்' என்ற பெயரில் நாலைந்து தேர்வு எழுதி எல்லாவற்றிலும் மெடல் வாங்கிவிட்டாள், ஆனால் அவளுக்கே அதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உருப்படியான போட்டிகளை எங்கே தேடுவது, எப்படித் தேடுவது?

நாலைந்து எழுதி நாலைந்திலும் மெடல் என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஒலிம்பியாட் என்ற சொல்லுக்கு யாரும் காவல் இல்லை. யார் வேண்டுமானாலும் 'சர்வதேச' என்று முன்னால் சேர்த்து ஒரு தேர்வு நடத்தலாம். நானும் இதில் ஏமாந்தவன்தான். என் மகனை ஒரு தடவை அப்படி ஒன்றில் உட்காரவைத்தேன். தங்க நிறத்தில் மெடல் வந்தது, கூடவே 'உலகத் தரவரிசை 14' என்று ஒரு சர்டிபிகேட். வீடே கொண்டாடியது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவன் வகுப்பிலேயே இன்னும் மூன்று பேருக்கு அதே 14. கேள்விகளை வாங்கிப் பார்த்தேன், பாடப்புத்தகத்தின் பயிற்சிக் கணக்கில் எண்களை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான், கேட்பவர்களுக்கெல்லாம் அதையே சொல்கிறேன். போட்டியின் பெயரைத் தேடாதீர்கள், அதன் பழைய கேள்வித்தாளைத் தேடுங்கள். நல்ல கேள்வி தயாரிப்பது லேசான வேலை இல்லை. ஒரு குழு உட்கார்ந்து மாதக்கணக்கில் சண்டை போட்டுத்தான் ஒரு தாள் உருவாகும். அப்படி உருவாக்கியவர்கள் அதை ஒளித்துவைக்க மாட்டார்கள். சர்வதேசக் கணித ஒலிம்பியாட் தொடங்கிய 1959ஆம் வருடத்துக் கேள்விகளைக்கூட இன்று யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு போட்டியின் தளத்தில் மாதிரிக்கு ஐந்து கேள்வி, மிச்சமெல்லாம் விலைக்கு விற்கும் பயிற்சிப் புத்தகம் என்று இருந்தால் அங்கே நடப்பது வியாபாரம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்து, ஓவியம் மாதிரியான போட்டிகளில் கேள்வித்தாள் இருக்காது. அங்கே போன வருடம் பரிசு வாங்கிய படைப்புகளைத் தேடிப் படியுங்கள். அவை எங்குமே இல்லை, ஜெயித்தவர்களின் போட்டோ மட்டும்தான் இருக்கிறது என்றால் அடுத்த போட்டிக்குப் போய்விடலாம்.

பழைய தாள் கையில் இருப்பதில் இன்னொரு லாபம், பதிவு செய்வதற்கு முன்னாலேயே அது உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று தெரிந்துவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர் 1971ல் கணிதத்தில் மீத்திறன் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். அவர் செய்த காரியம் எளிது. 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் வகுப்புத் தேர்வைத் தராமல், கல்லூரியில் சேரப்போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி.யைக் கொடுத்துப் பார்த்தார். வகுப்புத் தேர்வில் எல்லோரும் 95க்கு மேலே போய்க் கூரையில் முட்டிக்கொண்டு நிற்பார்கள், யார் எவ்வளவு உயரம் என்றே தெரியாது. கூரையை உயர்த்தினால்தான் வித்தியாசம் தெரியும். வீட்டிலும் அதையே செய்யுங்கள். மகளின் வயதுக்கான தாள் ஒன்று, அதற்கு அடுத்த நிலைத் தாள் ஒன்று. நேரக் கட்டுப்பாடு வேண்டாம். எல்லாவற்றையும் போட்டுவிட்டாள் என்றால் அந்தப் போட்டியால் அவளுக்குப் பிரயோஜனம் இல்லை. பாதிதான் வந்தது, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் அதுதான் அவளுக்கான போட்டி.

நான் சில வருடங்களாக வாரம் ஒரு நாள் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கணக்குப் போடுகிறேன். அதில் ஒரு 9 வயதுப் பெண்ணிடம் ஒரு பழைய கணக்கைக் கொடுத்தேன். சதுரங்கப் பலகையில் குறுக்காக எதிரெதிரே உள்ள மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எடுத்தாகிவிட்டது, மிச்சம் 62 கட்டம். ஒரு டோமினோக் கட்டை இரண்டு கட்டங்களை மூடும். 31 கட்டைகளை வைத்துப் பலகை முழுவதையும் மூட முடியுமா? முதல் கால் மணி நேரம் சும்மா அடுக்கிக்கொண்டே இருந்தாள். கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். பக்கத்தில் இருந்த பையன் இரண்டே நிமிடத்தில் "முடியாது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏன் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. இவள் அரை மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "சார், எப்படி வைத்தாலும் கடைசியில் மிஞ்சுகிற ரெண்டும் ஒரே கலராவே இருக்கு" என்றாள். அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது. ஒவ்வொரு கட்டையும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையை மூடும். வெட்டிய மூலைகள் இரண்டும் ஒரே நிறம், ஆகவே மிச்சத்தில் ஒரு நிறம் 32, இன்னொன்று 30. அடுத்த வாரம் வந்து அவளே கேட்டாள், "ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையை, எங்கேயாவது வெட்டினா?" (எங்கே வெட்டினாலும் மூடிவிடலாம். நிரூபணம் அழகானது, இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன்.) வீட்டில் இருக்கும் பிள்ளை இந்த ரகமா என்று பார்க்க மெடல் எண்ணிக்கை உதவாது, இப்படி ஒரு கணக்கு உதவும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். 10 வயதில் நேராகப் போய் எழுதக்கூடியவற்றில் நான் முதலில் சொல்வது கங்காரு கணிதப் போட்டி. ஆஸ்திரேலியாவில் நடந்துகொண்டிருந்த ஒரு போட்டியைப் பார்த்துப் பிரான்சில் 1991ல் ஆரம்பித்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர். பொதுவாக மார்ச் மாதம் மூன்றாவது வியாழக்கிழமையை ஒட்டி நடக்கும், சிறு வகுப்பிலிருந்து பள்ளி இறுதிவரை தனித்தனி நிலைகள் உண்டு. 3 மதிப்பெண், 4 மதிப்பெண், 5 மதிப்பெண் என்று கேள்விகள் படிப்படியாக ஏறும். முதல் பகுதியை எல்லோரும் போடுவார்கள், கடைசிப் பகுதியில்தான் உங்கள் மகள் ஜன்னலை மறப்பாள். அடுத்தது பெப்ராஸ். லிதுவேனியாவில் வாலன்டினா தகியெனே என்ற பேராசிரியர் 2004ல் தொடங்கியது, பெயருக்கு அர்த்தம் பீவர், நீரில் அணை கட்டி வாழும் கொறிக்கும் விலங்கு. கணினி சம்பந்தப்பட்டது, ஆனால் புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. பீவர் மணிமாலை கோர்க்கிறது, எந்த வரிசையில் கோர்த்தது என்கிற மாதிரி மூன்று நிமிடப் புதிர்களாக இருக்கும், உள்ளே ஒளிந்திருப்பது அல்காரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறை. தனியாக எழுதப் பயப்படும் பிள்ளைக்கு பர்ப்பிள் காமெட் என்று ஒன்று இருக்கிறது, இணையத்தில் நடக்கும், இலவசம், அணியாகச் சேர்ந்து போடலாம், ஆனால் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கே அது சரிப்படும்.

கதையும் எழுதுவாள், கணக்கும் போடுவாள் என்றதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது மொழியியல் ஒலிம்பியாட். இப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. தெரியாத ஒரு மொழியில் சில வாக்கியங்கள், அவற்றின் பொருள், இவ்வளவுதான் தருவார்கள், இலக்கணத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். சும்மா ஒரு கற்பனை மொழி வைத்துச் சொல்கிறேன்: 'தாலு கோ' என்றால் பெரிய மரம், 'தாலு கோகோ' என்றால் மிகப் பெரிய மரம், 'நேமு பிசி' என்றால் சிறிய வீடு. அப்படியானால் 'மிகச் சிறிய மரம்' எப்படி வரும்? 'தாலு பிசிபிசி' என்று குழந்தை சொல்லிவிடும். உண்மையான கேள்விகள் இதே விதைதான், ஆனால் ஆலமரமாக வளர்ந்திருக்கும். மாஸ்கோவில் 1965லேயே இப்படிப் போட்டி ஆரம்பித்துவிட்டது, சர்வதேச அளவில் 2003ல் பல்கேரியாவில். தனிநபர் சுற்றில் 5 கேள்விக்கு 6 மணி நேரம். உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன, ஆனால் பழைய தாள்களில் லேசான கேள்விகளை இப்போதே குடும்பமாக உட்கார்ந்து போடலாம், எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பெரிய ஒலிம்பியாட்களைப் பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் உண்டு. கணிதம், இயற்பியல் (1967), வேதியியல் (1968), கணினி (1989) எதற்கும் தனியாள் நேராக விண்ணப்பிக்க முடியாது. ஒரு நாட்டுக்கு ஒரு அணிதான், கணிதத்துக்கு அதிகபட்சம் ஆறு பேர். ஆகவே தலைகீழாகப் போகவேண்டும். முதலில் சர்வதேசத் தளத்துக்குப் போங்கள், அங்கே நாடுகளின் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் நாட்டுக்கு யார் பொறுப்பு என்று பாருங்கள், அவர்களின் முதல் சுற்று எப்போது, எந்த வயதில் என்று கேளுங்கள். இந்த வழியில் போனால் நடுவில் உள்ள போலிகள் தானாகவே கழன்றுவிடும். 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இளையோர் அறிவியல் ஒலிம்பியாட் என்று 2004 முதல் ஒன்று நடக்கிறது, நிறையப் பேர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த அளவுக்குப் போகும் பிள்ளைக்கு மதிப்பெண் என்பதன் அர்த்தமே மாறிவிடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கணித ஒலிம்பியாட்டில் இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மொத்தம் ஆறே கேள்வி, கேள்விக்கு 7, ஆக 42. வந்திருப்பவர்கள் எல்லோரும் அவரவர் நாட்டின் முதல் ஆறு பேர், இருந்தும் பாதிப் பேர் மெடல் இல்லாமல்தான் திரும்புவார்கள். மெடல் கிடைக்காமல் ஒரே ஒரு கேள்வியை முழுதாகப் போட்டிருந்தால்கூட அதற்குத் தனிப் பாராட்டு உண்டு. இன்றைய பெரிய கணித மேதைகளில் ஒருவரான டெரன்ஸ் டாவ் 1986ல் 10 வயதில் போனபோது வெண்கலம், அடுத்த வருடம் வெள்ளி, 1988ல்தான் தங்கம். எப்போதும் 100க்கு 100 வாங்கிப் பழகிய பிள்ளைக்கு முதல் தடவை 40 சதவீதம் வரும்போது அழுகை வரும். அது நல்ல மதிப்பெண் என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். முன்னாலேயே சொல்லியிருந்தால் நம்புவாள்.

பரீட்சை மாதிரி மணி அடித்து எழுதுவது பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. ஹங்கேரியில் கோமல் என்ற மாத இதழை டேனியல் அராணி என்ற ஆசிரியர் 1894ல் ஆரம்பித்தார். மாதாமாதம் கணக்குகள் வரும், பிள்ளைகள் வீட்டிலிருந்தே நிதானமாக யோசித்து விடை எழுதி அனுப்பவேண்டும், நன்றாகப் போட்டவர்களின் புகைப்படம் இதழில் வரும். பின்னாளில் பெரிய கணித மேதையான பால் எர்டிஷ் அப்படிப் போட்டு அனுப்பிய பையன்களில் ஒருவர். இதழ் இன்றும் வருகிறது, கணக்குகள் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் வருடத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரப் போட்டியைவிட இந்த முறைதான் பத்து மடங்கு மேல்.

அறிவியல் செயல்திட்டப் போட்டிகளில் எல்லோரும் சொல்வது ஐசெஃப் என்ற சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சி. 1950ல் பிலடெல்பியாவில் தேசிய அறிவியல் கண்காட்சியாகத் தொடங்கியது, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, அதற்கும் இணைப்புப் பெற்ற உள்ளூர்க் கண்காட்சி வழியாகத்தான் போக முடியும். இதில் பிள்ளைகள் கோட்டைவிடும் இடம் அறிவியல் இல்லை, காகிதம். மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துத் தகவல் சேகரிப்பது, முதுகெலும்புள்ள விலங்கு, கிருமி, அபாயமான ரசாயனம் இவற்றில் எதைத் தொட்டாலும் சோதனையை ஆரம்பிப்பதற்கு முன்பே அனுமதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் உழைத்து முடித்துவிட்டு அப்புறம் படிவத்தைத் தேடினால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சோதனைக் குழாயை வாங்குவதற்கு முன் ரூல்ஸ் பிடிஎஃப்பை வாசியுங்கள். சின்னப் பிள்ளைகளும் கலந்துகொள்ளக்கூடியது விண்வெளிக் குடியிருப்பு வடிவமைப்புப் போட்டி. நாசா எய்ம்ஸ் மையத்தில் 1994ல் தொடங்கியது, இப்போது நேஷனல் ஸ்பேஸ் சொசைட்டி நடத்துகிறது. விண்வெளியில் மனிதர்கள் வாழும் ஊரை வடிவமைக்கச் சொல்கிறார்கள், ஓவியத்துக்கும் கதைக்கும்கூட அதில் இடம் இருக்கிறது. வரையும், எழுதும், கணக்கும் போடும் பெண்ணுக்கு இதைவிட எது பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

அணிப் போட்டிகளில் ஒடிசி ஆஃப் தி மைண்ட் (1978, நியூ ஜெர்சியில் சாம் மிக்லஸ் என்ற பேராசிரியர் தொடங்கியது) எனக்குப் பிடிக்கக் காரணம் அதன் ஒரு விதி: வெளியாள் உதவி கூடாது. பசை ஒட்டுவதிலிருந்து வசனம் எழுதுவதுவரை பிள்ளைகளே செய்யவேண்டும், பெரியவர்கள் கை வைத்தால் மதிப்பெண் குறையும். இந்த விதி எதற்கு என்பதை நான் நேரில் பார்த்தேன். ஒரு ரோபாட் போட்டியில் நடுவராக உட்கார்ந்திருந்தேன். பளபளவென்று ஒரு ரோபாட் வந்தது, வயர்கள்கூட வாரி விட்ட மாதிரி இருந்தன. "இந்தப் பல்சக்கரம் ஏன் இவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். பையன் என்னைப் பார்க்கவில்லை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவைப் பார்த்தான். அப்பா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த அணியின் ரோபாட்டில் பாதி இடம் ரப்பர் பேண்டு. ஆனால் அந்தச் சிறுமி, முதலில் சின்னச் சக்கரம் போட்டோம், ஏறுவதற்குள் வழுக்கியது, பெரிசு போட்டோம், மெதுவாகிவிட்டது, அதனால் நடுவில் இன்னொன்று சேர்த்தோம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். நாங்கள் மூன்று நடுவர்களும் யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளக்கூட இல்லை. டாரன்ஸ் என்ற படைப்பாற்றல் ஆய்வாளர் 1974ல் ஆரம்பித்த ஃபியூச்சர் பிராப்ளம் சால்விங்கும் இந்த வகைதான், எதிர்காலத்துப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆறு படியாக அலசவேண்டும், நிறையப் பேசும் பிள்ளைகளுக்கு நல்லது.

எழுத்துக்கும் ஓவியத்துக்கும் வருகிறேன். ராயல் காமன்வெல்த் சொசைட்டி நடத்தும் கட்டுரைப் போட்டி 1883லிருந்து நடக்கிறது, காமன்வெல்த் நாட்டுப் பிள்ளைகளுக்கு, கட்டணம் கிடையாது, 14 வயதுக்குக் கீழே தனிப் பிரிவு. பெயர்தான் கட்டுரை, கதையும் கவிதையும் அனுப்பலாம். ஆங்கிலக் கவிதைக்கு ஃபாய்ல் இளங்கவிஞர் போட்டி, 11 முதல் 17 வயது, எந்த நாட்டிலிருந்தும். ஓவியத்துக்கு லிடிட்சே என்ற செக் கிராமத்தின் பெயரில் நடக்கும் சர்வதேசக் குழந்தைகள் கண்காட்சி. 1942ல் நாஜிகள் அந்தக் கிராமத்தையே அழித்தார்கள், கொல்லப்பட்ட குழந்தைகளின் நினைவாக 1967ல் தொடங்கியது, 4 முதல் 16 வயதுவரை. படம் அனுப்புவதற்கு முன் இந்தக் கதையையும் அவளிடம் அவள் வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்லுங்கள். கேமராவில் ஆர்வம் இருந்தால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 10 வயது வரைக்குமே தனிப் பிரிவு இருக்கிறது.

படைப்புப் போட்டிகளில் இரண்டு குழிகள். ஒன்று உரிமை. அனுப்பினாலே, ஜெயிக்காவிட்டாலும், படைப்பின் காப்புரிமை எங்களுடையது என்று விதிமுறையின் அடியில் எழுதியிருப்பார்கள். ஜெயித்த படத்தைத் தங்கள் காலண்டரில் போட்டுக்கொள்ளக் கேட்பது நியாயம், எல்லார் படத்தையும் மொத்தமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இன்னொன்று தொகுப்பு நூல். 'உங்கள் குழந்தையின் கவிதை தேர்வாகிவிட்டது, புத்தகத்தில் வருகிறது' என்று கடிதம் வரும், பிறகுதான் தெரியும் அனுப்பிய எல்லோருக்குமே அந்தக் கடிதம் போயிருக்கிறது, புத்தகத்தைப் பெற்றோர்தான் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பது.

பட்டியல்களை நம்பாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். 'மீத்திறன் குழந்தைகளுக்கான 50 போட்டிகள்' என்று தேடினால் கிடைப்பதில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. கூகுள் அறிவியல் கண்காட்சி 2011ல் ஆரம்பித்து 2018 போட்டியோடு நின்றுவிட்டது, திங்க்குவெஸ்ட் 2013லேயே போய்விட்டது, இன்னும் அவை பட்டியல்களில் உயிரோடு இருக்கின்றன. எந்தப் போட்டியானாலும் அதன் சொந்தத் தளத்தில் இந்த வருடத்துத் தேதி இருக்கிறதா, வயது வரம்பை வகுப்பு வைத்துக் கணக்கிடுகிறார்களா பிறந்த தேதி வைத்தா, பள்ளி மூலம் மட்டுமா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். பட்டியலைவிட நல்ல வழி, உங்கள் மகளைவிட மூன்று நான்கு வயது பெரிய, இதே வழியில் போன ஒரு பிள்ளையைப் பிடித்துக் கேட்பது. எந்தப் போட்டி வீண் என்று அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள், பெற்றோர் சொல்லமாட்டார்கள்.

உங்கள் மகளுக்கு நான் செய்வது என்றால் இப்படி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கங்காரு தாள், அவள் நிலையில் ஒன்று, மேல் நிலையில் ஒன்று, கூடவே நாலு பெப்ராஸ் புதிர், ஒரு லேசான மொழியியல் கேள்வி. மேஜையில் போட்டுவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், எதை முதலில் எடுக்கிறாள், எதற்குத் திரும்ப வருகிறாள் என்பதை மட்டும் கவனியுங்கள். அதில் ஒன்று, படைப்புப் பக்கம் ஒன்று, வருடத்துக்கு இரண்டு போதும். மூன்றாவதாக எதுவும் அவளே கேட்டால் மட்டும். பள்ளி பதிவு செய்து தர மறுத்தால் தேசிய அமைப்பாளருக்கு நேராக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தனியாக எழுதும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வேறொரு பள்ளியிலோ நூலகத்திலோ இடம் ஏற்பாடு செய்து தருவது பல இடங்களில் உண்டு, ஆனால் கடைசித் தேதிக்கு முந்தின நாள் கேட்டால் யாராலும் முடியாது, இரண்டு மாதம் முன்னாலேயே கேளுங்கள்.